சூசையப்பரின் ஊதாப் போர்வை

நாற்பத்தோரு வயதில், நரைக்கத் தொடங்கிய மீசையோடு, ஆளில்லாத கோயிலில் சூசையப்பர் சுரூபத்தின் போர்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ரோமாபுரி ஆளுநரைப் போல நடந்து பார்த்தவன் நான். ஆண்டவர் மன்னித்ததைச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் வழக்கமாகக் கனமான பாவத்தோடு வருவார்கள். குடி இருக்கும், சூது இருக்கும். கேட்கிறவர்களுக்கும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். என் பாவம் ஒரு போர்வையில் ஆரம்பித்தது. இதை வாய் திறந்து சொல்ல நாலு வருஷம் ஆனதற்குப் பயம் பாதிக் காரணம். மீதிப் பாதி, காரணம் இத்தனை அற்பமாக இருந்ததே என்ற வெட்கம்.

திருவண்ணாமலையில் நான் சரித்திர வாத்தியார். வாரப் பத்திரிகைகளுக்கு எப்போதாவது சிரிப்புக் கட்டுரை அனுப்புவேன். அவர்களும் எப்போதாவது போடுவார்கள். நிறையப் படித்தவன் என்று எங்கள் கோயில் பங்கில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பரப்பியவனும் நானே.

எழுபத்தொன்பதாம் வருஷத் தவக்காலம். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளை ஆள் பிரித்து வாசிப்பார்கள் அல்லவா? ஆண்டவரின் வார்த்தைகள் பங்குச்சாமியாருக்கு. வரலாற்றைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போகும் நீண்ட பகுதியை எனக்குத் தருவார்கள் என்று இருந்தேன். அது தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒருவருக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது பிலாத்து, ஆண்டவரைச் சாவுக்குத் தீர்ப்பிட்டுவிட்டுக் கைகழுவிய ரோமானிய ஆளுநர். பிலாத்துவுக்கு வசனம் கம்மி. போகட்டும், கம்மி வசனத்திலேயே கோயிலைக் கலக்கிவிடுவோம் என்று தீர்மானித்தேன். தவக்காலத்தில் நான் எடுத்த ஒரே உறுதியான தீர்மானம் அது.

பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை மத்தியானம், வெயிலில் ஊரே அடங்கிக் கிடந்த நேரத்தில், பயிற்சிக்காகக் கோயிலுக்குள் போனேன். யாரும் இல்லை. வழக்கப்படி சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். வாசிப்பு மேடைக்குப் பக்கத்தில் சூசையப்பர். ரோமானிய ஆளுநர் எப்படி உடுத்துவார் என்பது எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம். தெரிந்திருந்ததுதான் வினையாகப் போயிற்று. முடிச்சை அவிழ்த்தேன். போர்வையை இடது தோளில் சுற்றினேன். வசனத்தைச் சொன்னேன். கூட்டத்தைப் பார்த்துக் கைகழுவினேன். அப்புறம் மிடுக்காகத் திரும்பி, போர்வையின் நுனியை வீசினேன்.

நுனி போய் சூசையப்பர் பிடித்திருந்த லீலிப் பூத்தண்டில் மாட்டிக்கொண்டது. எனக்கு அது தெரியாது. நான் நடந்தேன். மணிக்கட்டோடு கை என் பின்னாலேயே வந்தது.

தரையில் கிடந்த அந்தக் கையைப் பார்த்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே சாமியார் பங்களாவுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாலு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் பீடத்திலிருந்த மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, மெழுகை உருக்கி ஊற்றி, கையைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு இருநூறு வரை எண்ணினேன். நின்றுவிட்டது. போர்வையைப் பழையபடி கட்டினேன். வெளியே குழாயடியில் கைகழுவினேன். இந்தத் தடவை நடிப்பில்லை, விரலெல்லாம் மெழுகு. "ஆண்டவரே, இது யாருக்கும் தெரியக் கூடாது" என்று ஜெபித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக நான் ஜெபித்ததில்லை.

வெள்ளிக்கிழமை பிலாத்துவை வாசித்தேன். குற்றவுணர்ச்சி குரலில் ஏறிக்கொண்டதோ என்னவோ, கத்தினேன். ஒலிபெருக்கி இரண்டு தடவை கீச்சிட்டது.

சித்திரை நெருங்கும் வெயிலில் திருவண்ணாமலையில் மெழுகு எத்தனை நாள் தாங்கும்? மலையே காய்ச்சிய இரும்பு மாதிரி நிற்கும் ஊர். சனிக்கிழமை காலையில் ஈஸ்டர் பாஸ்காவுக்குக் கோயிலை அலங்கரிக்கப் பெண்கள் போர்வைகளை எடுத்தார்கள். சூசையப்பர் கையும் போர்வையோடு சேர்ந்து வந்து விழுந்தது. பூக்கூடையோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

இங்கே அருளப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் கோயில்பிள்ளை. மணியடிப்பது, பெருக்குவது, விளக்கும் மெழுகுவர்த்தியும் ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். மனைவி அடைக்கலமேரியின் கண்ணீரைப் பார்த்து விட்டுவிட்டார். விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. சுரூபங்களை மூடிக் கட்டியவர் அவர். உடைந்த மணிக்கட்டிலோ மெழுகு. கோயிலில் மெழுகைத் தொடுகிறவர் வேறு யார்?

பங்குச்சாமியார் வந்தார். நல்லவர், ஆனால் சட்டென்று சூடாகிறவர். "மூடினது யாரு?" என்றார்.

"நான்தான் சாமி."

"மெழுகு வெச்சு ஒட்டினது யாரு?"

"தெரியலை சாமி."

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா அருளப்பா?"

"சத்தியமா இல்ல சாமி. ஒரு சொட்டு தொடல."

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்துப் பார்த்தாள். கணவனை அல்ல, தரையைப் பார்த்துக்கொண்டு அடைக்கலமேரி அழுதாள். சொல்லிவிடுவதற்காகத்தான் வாயைத் திறந்தேன், ஆண்டவர் அறிவார். வாயிலிருந்து வந்தது வேறு.

"சாமி, மனுஷன்தானே, ஏதோ தவறிட்டாரு. நாளைக்குப் பாஸ்கா. மன்னிச்சு விட்டுடுங்க" என்றேன்.

நான் செய்த பாவத்துக்கு இன்னொருவன் பெயரில் மன்னிப்புக் கேட்டேன். அத்தோடு, செய்தவர் அவர்தான் என்பதும் முடிவாகிவிட்டது. "சார் நான் குடிக்கல சார்" என்று அருளப்பன் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை மட்டும் பார்த்து. அதற்கடுத்த வாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "எவ்ளோ இரக்கமான மனசு சார் உங்களுக்கு" என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள் சிலர்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்கு ஏறுமுகம். சுரூபத்தைச் செப்பனிட வேலூரிலிருந்து ஆளைக் கூட்டி வந்தவன் நான். அதற்குப் பூசையில் நன்றி சொன்னார்கள். மறு வருஷம் அந்த நீண்ட வாசகம் எனக்கே கிடைத்தது. நான் கேட்டபடி ஒருவருக்கும் தெரியவில்லை. ஜெபம் கேட்கப்படுவது எவ்வளவு பயங்கரமான காரியம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். செப்பனிட்டவர் வர்ணத்தைச் சரியாகக் கலக்கவில்லை. சூசையப்பரின் வலது கை மட்டும் ஒரு மாற்றுச் சிவப்பாக இருந்தது. நாலு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும், அந்தக் கைக்கு நேரே என் இடம். வேறு பெஞ்சுக்கு மாறிப் பார்த்தேன். அங்கிருந்து இன்னும் நன்றாகத் தெரிந்தது.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமலில்லை. கோபம், சோம்பல், பொய் என்று மளிகைக் கடைச் சீட்டுப் போல ஒப்பித்துவிட்டு வருவேன். அந்த ஒன்று மட்டும் நாக்கடியில் கிடக்கும். அதற்குப் பிறகு நற்கருணை அப்பம் வாங்குகிறபோது அதே நாக்கைத்தான் நீட்டினேன்.

எண்பத்துமூன்றாம் வருஷத் தவக்காலத்தில், சூசையப்பர் திருநாளன்று, என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். தலைப்பு, மன்னிப்பு. "அன்னிக்கி அருளப்பனுக்காகப் பேசுனீங்களே, உங்களை விட்டா யாரு?" என்றார்கள். பேசினேன். நன்றாகவே பேசினேன். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தேன். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். எழுந்து உள் அறைக்குப் போய் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, நான் கேட்ட பழைய ஜெபத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். சொல்கிற தைரியத்தைக் கொடும். என்னைத் தெரியாத ஒரு சாமியாரையும் கொடும்."

பழையதைத் திருப்பிவிட்டுப் புதிதாக இரண்டு வேண்டுதல்கள் என்பதைக் கவனியுங்கள். முழங்காலில் இருந்தபோதும் பேரம்தான்.

கீழ்பென்னாத்தூரில் அந்தச் செவ்வாய்க்கிழமை பாவசங்கீர்த்தனம். பரிசுத்த வாரத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்துச் சாமியார்கள் சேர்ந்து ஒவ்வோர் ஊராகப் போய் உட்காருவது வழக்கம். நமக்கு அது நல்லதாயிற்று என்று பஸ் ஏறினேன். வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போனேன். சின்னக் கோயில். மூன்று இடத்தில் மூன்று சாமியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை எங்கே கம்மி என்று பார்த்து நின்றேன். என் முறை வந்தது. சாமியாரை மறைத்த தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். போர்வை, பிலாத்து, மெழுகு, அருளப்பன். தெரியாத ஊர், தெரியாத சாமியார் என்ற தைரியத்தில் ஒன்றைக் கூடவே சேர்த்தேன். "எங்க பங்குச்சாமியார் கொஞ்சம் அவசரக்காரர் சாமி. சரியா விசாரிச்சிருந்தார்னா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல். மூக்குப்பொடித் தும்மல். முதலில் சின்னதாக இரண்டு, அப்புறம் பெரிதாக ஒன்று. பத்து வருஷமாக ஒவ்வொரு பிரசங்கத்துக்கு முன்னாலும் நான் கேட்டு வந்த தும்மல்.

எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அக்கம்பக்கத்துச் சாமியார்கள் என்றால் எங்கள் பங்குச்சாமியாரும் சேர்த்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு மெதுவாக, "அந்த அவசரக்காரன் கதைய அவன் ஆண்டவர்கிட்ட சொல்லிப்பான். நீங்க உங்க பாவத்த முடிங்க" என்றார்.

முடித்தேன். அழுதேன். அவர் குரலும் சரியாக இல்லை.

"செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபம் இருக்கா?"

"இருக்கு சாமி."

"அருளப்பன் எங்க இருக்கான்னு தெரியுமா?"

"அடி அண்ணாமலையில கடை வெச்சிருக்காருனு கேள்வி."

"போய்ச் சொல்லுங்க. அதான் பரிகாரம். இங்க கேட்டதை வெளிய நான் மூச்சு விட முடியாது. நீங்கதான் சொல்லணும். நடந்தே போங்க. பஸ்ல போனா நீங்க பாதியில எறங்கிடுவீங்க."

பாவப்பொறுத்தல் தந்தார். பத்து வருஷம் பழகியவருக்கு என்னை எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது என்று வியந்துகொண்டே வெளியே வந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் செங்கம் சாலையில் இறங்கி நடந்தேன். ஆசிரமத்தைத் தாண்டும்போது எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் எதிரே வந்தார். "இன்னா சார், நீங்களும் மலை சுத்த ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். "ஒரு வேண்டுதல்" என்றேன். "செருப்ப கழட்டிட்டு நடங்க சார், ஜாஸ்தி பலன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன தோன்றியதோ, கழற்றினேன். போகிற வழியெல்லாம் அருளப்பனிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு திருப்பத்தில், கையை நீட்டி ஆட்டிக்கொண்டு நடப்பதை உணர்ந்தேன். அதே பிலாத்து. கையை இறக்கிக்கொண்டேன். வசனத்தையும் மறந்துவிடத் தீர்மானித்தேன்.

சாலையோரத்தில் ஓலைச் சார்ப்புப் போட்ட சின்னக் கடை. சுக்குக் காப்பி, வாழைப்பழம், மலை சுற்ற வருகிறவர்களுக்குக் கற்பூரம். அடைக்கலமேரி மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சை முந்தானையால் துடைத்தாள்.

"வாங்க சார். இன்னா சார் வெறுங்காலோட? ஒக்காருங்க. அவரு தண்ணி எடுக்கப் போயிருக்காரு."

செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

"அன்னிக்கி எங்களுக்குனு வாயத் தொறந்தது நீங்க ஒருத்தர்தான் சார். நான் மறக்கல. தினம் ஜெபத்துல உங்க பேரச் சொல்றேன்."

தண்ணீர் புரையேறியது.

"அந்தாளு இன்னும் ஒத்துக்க மாட்டேங்குறாரு சார். தப்பு பண்ணா பண்ணேன்னு சொல்லிட்டா போவுது. கொழந்த தலைல அடிச்சு சத்தியம் பண்றாரு. யாரு நம்புறது? நாலு வருஷமா வாய மோந்து பாத்துட்டுதான் சோறே போடுறேன்."

அவர் வேலை போனது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் நான் உட்கார்ந்திருந்தது தெரியாது.

அருளப்பன் சைக்கிளின் இருபுறமும் குடங்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். இளைத்திருந்தார். "சார்!" என்று சிரித்தார். அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அருளப்பா, சூசையப்பர் கைய ஒடச்சது நான்தான். மெழுகு வெச்சு ஒட்டினதும் நான்தான்."

அவர் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். அடைக்கலமேரிதான் முதலில் பேசினாள்.

"நீங்களா?"

"நான்தாம்மா."

"போர்வைய எதுக்கு சார் எடுத்தீங்க?"

பாவத்தைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. இதைச் சொல்வதுதான். "பிலாத்து மாதிரி போத்திக்கிட்டு… நடந்து பழக."

"பிலாத்து மாதிரி?"

"ஆமாம்மா."

"இதுக்கா?" அவள் குரல் உயர்ந்தது. "இதுக்கா சார் என் புருஷன் குடிகாரனானாரு? படிச்ச மனுஷன்தானே நீங்க? உங்களுக்குப் போத்திக்க வீட்ல ஒரு போர்வ இல்லியா?"

வீட்டில் நாலு போர்வை இருந்தன.

அருளப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். "நானே நெனச்சேன் சார்," என்றார், யாரையும் பார்க்காமல். "ஒருவேள கட்டும்போது என் கைதான் பட்டுடிச்சோ, புத்தி தடுமாறி நானே மெழுக வெச்சேனோனு. எத்தினி நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? என்மேல எனக்கே நம்பிக்க போயிடிச்சு சார்."

அவர் அழவில்லை. அழுதது அடைக்கலமேரி. தட்டில் பழையசோற்றைப் போட்டு, மோர் ஊற்றி, ஒரு மிளகாயையும் வைத்து அவர் முன் வைத்தாள். குனியவில்லை. முகர்ந்து பார்க்கவில்லை. நேராக நின்றபடி வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சாப்பிட்டார்.

"என்னை மன்னிக்கணும்" என்றேன்.

"என்னாண்ட சொன்னது சரி சார். எங்க வெச்சு என்னைச் சொன்னாங்களோ அங்க சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் குருத்து ஞாயிறு. இரவெல்லாம் ஜெபித்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும், தூங்கிவிட்டேன். நாலு வருஷத்தில் முதல் தடவை நன்றாகத் தூங்கினேன். காலையில் பங்குச்சாமியாரிடம் போய், பூசையில் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றேன். "எதைப் பத்தி?" என்று கேட்டார், ஒன்றுமே தெரியாதவர் முகத்தோடு. என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே நல்ல நடிப்பு அதுதான்.

குருத்தோலைகளோடு கோயில் நிரம்பியிருந்தது. கடைசி வரிசையில் அருளப்பனும் அடைக்கலமேரியும். வாசிப்பு மேடையில் ஏறினேன். பக்கத்தில் சூசையப்பர், திரும்பவும் ஊதாப் போர்வைக்குள். கையை மேடைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பிலாத்துவையும் விடவில்லை. ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். மன்னிப்பைப் பற்றி நான் பேசியபோது அழுதவர்கள் இப்போது அழவில்லை. என்னைப் பார்க்கவே பிடிக்காமல் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாமியார் பீடத்திலிருந்து இறங்கினார். நடுவழியாக நடந்து கடைசி வரிசைக்குப் போனார். "அருளப்பா, நான் விசாரிக்கலை. அவசரப்பட்டேன். மன்னிச்சிடு" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

அருளப்பன் எழுந்து என்னை நோக்கி வந்தார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிச் சூசையப்பரிடம் போனார். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "யாரு இதக் கட்டினது? கழுத்த நெரிச்சாப்ல" என்று முணுமுணுத்து அவிழ்த்து, மெதுவாக, அந்தக் கைக்கு இடம் விட்டுத் திருப்பிக் கட்டினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சாச்சு சார். அழாதீங்க. மைக்கு பக்கத்துல நிக்கிறீங்க."

அருளப்பனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவேன், கடையை விட முடியாது என்றார். இன்றைக்கும் வருகிறார். நான் வாசிப்புக்குப் பெயர் கொடுப்பதில்லை; சனிக்கிழமைகளில் அவரோடு சேர்ந்து கோயிலைப் பெருக்குகிறேன். அந்தக் குற்றம் முழுக்கக் கரைந்துவிட்டதா என்றால், இல்லை. நாலு வருஷத்துச் சோற்றை யார் திருப்பித் தர முடியும்? ஆனாலும் தைரியம் கேட்டேன், கொடுத்தார். தெரியாத சாமியாரைக் கேட்டேன், கொடுக்கவில்லை. அந்த மறுப்பிலும் அவருடைய இரக்கம் இருந்ததை இப்போது நன்றியோடு நினைக்கிறேன். தெரியாதவரிடம் சொல்லியிருந்தால் பரிகாரமாக மூன்று மங்கள வார்த்தை ஜெபத்தோடு பஸ் ஏறித் திரும்பியிருப்பேன்.

சகோதர சகோதரிகளே, உங்களில் யாராவது ஏதாவதொன்றை மெழுகு வைத்து ஒட்டிப் போர்வையால் மூடி வைத்திருந்தால், இந்தத் தவக்காலத்தில் நீங்களே எடுத்துவிடுங்கள். ஆண்டவர் கோபமாகக் காத்திருக்கிறார் என்று நினைத்து நாலு வருஷத்தை வீணாக்கினேன். அவர் காத்திருந்தது உண்மை. கோபம்தான் நான் சேர்த்தது.

அந்தக் குருத்து ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்தபோது, அடைக்கலமேரி மட்டும் வாசலில் எனக்காக நின்றிருந்தாள். நெஞ்சு நிறைந்து அருகில் போனேன்.

"கை ஒடச்சதுக்கு மன்னிப்பு கேட்டுட்டீங்க, சரி" என்றாள். "அன்னிக்கி காது கிழியப் பிலாத்து வாசிச்சீங்களே சார், அதுக்கு எப்ப கேக்கப்போறீங்க?"